நூலில்லாத தையல்

அத்தியாயம் 14

கட்டின பெண்டாட்டியை மலையேற அனுப்புகிற உத்தமர் என்று காமராஜ் ஊரெல்லாம் பெயர் வாங்கிய கதையைத்தான் போன வாரம் சொல்லி நிறுத்தியிருந்தோம். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

பரிபூரணத்துக்கு நாற்பத்து நான்கு வயது. ராஜபாளையத்தில் ஒரு நைட்டி கம்பெனியில் இருபது வருஷமாக மெஷினில் குனிந்து கிடப்பவள். மாடியில் துணி காயப்போடப் போனால் மேற்கே முழுக்க மலை. அதைப் பார்த்தே பாதி ஆயுசு போய்விட்டது. ஒரு நாள்கூட அதில் கால் வைத்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் விஜி என்ற பெண் நடத்துகிற நடைக்குழு, பெண்களை மட்டும் கூட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கு மேலே நாலு நாள் நடக்கப் போகிறது என்று கேள்விப்பட்டாள். யாரையும் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம்தான் வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற நினைப்பே வந்தது.

ஆனால் காமராஜ் முகம் சுளிக்கவில்லை. "போயிட்டு வா பூரணம்" என்றார். மறுநாளே சபையில், டீக்கடையில், தான் பைகள் தைத்துக் கொடுக்கிற கடைகளில் எல்லாம் அதையே பேச்சாக்கினார். "பொம்பளைன்னா அடுப்படிதானா? நான்தான் போன்னு சொன்னேன்" என்று அவர் சொல்ல, கேட்டவர்கள் எல்லாம் பூரணத்தை வழியில் நிறுத்தி, "நீ குடுத்து வச்சவ" என்றார்கள்.

குழுவில் ஒரு கண்டிப்பு உண்டு. அவரவர் மூட்டையை அவரவர்தான் சுமக்க வேண்டும். கடையில் கிடைக்கிற மழைக்கோட்டுகள் முக்கால் கிலோ கனம், போட்டால் உள்ளே வேர்த்தே நனைந்துபோகும். நல்லதாக வாங்கலாமென்றால் விலை வாயைப் பிளக்க வைத்தது. பூரணம் தையல்காரி இல்லையா? தானே தைத்துக்கொள்வது என்று இறங்கிவிட்டாள்.

வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசான, தண்ணீர் இறங்காத நைலான் துணியை ஆன்லைனில் வரவழைத்தாள். பழைய பேப்பரில் அளவு வெட்டினாள். துணி மஞ்சள் நிறம். ஒரு குண்டூசி குத்தவில்லை. குத்தின இடமெல்லாம் ஒழுகும் என்று காகித கிளிப்பால் பிடித்துக்கொண்டாள். ஒன்பதாம் நம்பர் ஊசி, முடி போன்ற நூல், ஒவ்வொரு மூட்டுக்கும் மடித்து இரட்டைத் தையல். ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் பசை வாங்கி, டர்பன்டைனில் கரைத்து, தையல் நெடுகப் பிரஷ்ஷால் பூசிக் காயப்போட்டாள். கம்பெனி விட்டு வந்து மூன்று வாரம் இதே வேலை. வழுக்குகிற துணியைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து உதவியவள் மகள் ஜாஸ்மின். இருபத்து மூன்று வயது, பி.எட். படிக்கிறாள். முடித்ததும் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். நூற்று நாற்பது கிராம். மூன்று முட்டை கனம்கூட இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. நாளைக் காலை ஐந்து மணிக்கு வண்டி. அதற்கு முன்னால் இன்று விஜியிடம் மூட்டையைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஆல் தி பெஸ்ட்மா!" ஜாஸ்மின் அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுத்து அனுப்பினாள். காமராஜ் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். குழுவுக்கென்று இரண்டு பாக்கெட் சேவும் வாங்கிக்கொண்டார், தன் கையாலேயே.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் பன்னிரண்டு பெண்கள் கூடியிருந்தார்கள். விஜி ஒவ்வொருவர் மூட்டையையும் பிரித்துப் பார்த்தாள். கடைசியில் மழைக்கோட்டு. அதற்கு அவள் வைத்திருந்த பரீட்சை இது: கோட்டைப் போட்டு, இரண்டு தோளிலும் உள்ளே மடித்த பேப்பரை வைத்துக்கொண்டு, ஹோஸ் தண்ணீருக்கு அடியில் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். பேப்பர் நனையக் கூடாது.

"மேல மழையில நனைஞ்சு ஒருத்தருக்குக் குளிர் ஏறிருச்சுன்னா, பன்னெண்டு பேரும் மாட்டிக்கிடுவோம். அதனால இதுல மட்டும் தாட்சண்யம் கெடையாது" என்றாள் விஜி.

"அவளே தைச்சது மேடம்!" காமராஜ் கையைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நான் ஒரு வேலை சொல்லல இந்த மூணு வாரமும். நீ தையி, சோத்த நான் பாத்துக்கிடுதேன்னுட்டேன்." சோற்றைப் பார்த்துக்கொண்டது ஜாஸ்மின். அது போகட்டும்.

பூரணம் தண்ணீருக்கு அடியில் நின்றாள். முதல் இரண்டு நிமிஷம் ராணி மாதிரி இருந்தது. மஞ்சள் துணியில் தண்ணீர் முத்து முத்தாக ஓடி விழ, மற்ற பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது நிமிஷம் வலது தோளில் ஜில்லென்று ஒரு பொட்டு. பிறகு இடது தோளில். பத்து நிமிஷம் முடிந்து பேப்பரை எடுத்தபோது அது கையோடு கூழாக வந்தது.

விஜிதான், "பூரணக்கா... கஷ்டமாத்தான் இருக்கு" என்றாள்.

காமராஜ் ஓடிவந்தார். தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்தார், தலையைத் துவட்டினார். "வுடு பூரணம். ஆண்டவர் சித்தம் இப்படித்தான்னா நாம என்ன செய்ய? ஆசைப்பட்டே, நானும் சரின்னேன். நம்ம மேல தப்பில்லல்லா?" என்றார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்!

பூரணத்துக்கு அழுகை வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. தையல் ஒழுகினால் கழுத்தோரம், கையோரம் அல்லவா ஒழுக வேண்டும்? நனைந்தது நட்டநடுத் தோள். அங்கே தையலே கிடையாது. கோட்டைக் கழற்றி உதறி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

நடுத்தோளில் வரிசையாக வெளிச்சப் பொட்டுகள். ஒரு சாண் நீளம், நேர்கோடு. மறு தோளிலும் அதே போல.

நூல் இல்லை. ஊசி மட்டும் ஓடியிருந்தது.

இருபது வருஷம் மெஷினில் உட்கார்ந்தவளுக்கு இது அச்சடித்த எழுத்து. ஓட்டையின் குண்டைப் பார்த்தாள். அவளுடைய மெல்லிய ஒன்பதாம் நம்பர் ஊசி இல்லை, தடித்த பதினெட்டு. அங்குலத்துக்கு ஆறு குத்து. நைட்டிக்கு யாரும் இப்படித் தாண்டித் தாண்டி வைக்க மாட்டார்கள். ஸ்கூல் பைக்கும் ரெக்சினுக்கும்தான் வைப்பார்கள். அவள் வீட்டு முன்னறையில் அப்படி ஒரு மெஷின் இருக்கிறது. அதில் உட்காருகிற ஆள், இந்த நிமிஷம், சேவு பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொருவருக்காக நீட்டிக்கொண்டிருக்கிறார்.

தலை துவட்டிய துண்டின் வாடை இன்னும் முகத்தில் இருந்தது. புறங்கையால் அழுத்தித் துடைத்தாள்.

"விஜி, எனக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் குடு."

"அக்கா, பேப்பரப் பாத்தீங்கல்லா..."

"பாத்தேன். அதான் கேக்கேன்."

விஜி அவள் முகத்தைப் பார்த்தாள். "நாலு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது."

காமராஜ் பைக்கை உதைத்துவிட்டு, "ஏறு" என்றார். பைக்கில் ஏறினால் அவர் தோளைப் பிடிக்க வேண்டும். பூரணம் கையைப் பார்த்துக்கொண்டாள். முடியாது.

"நீங்க போங்க. நான் பஸ்ல வாரேன்."

"என்னத்துக்கு? மனசு சரியில்லயா? வழியில ஏதாச்சும் பால்கோவா..."

"பஸ்ல வாரேன்னேன்."

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துப் பொறுமைசாலியாகச் சிரித்துவிட்டுப் போனார்.

பத்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் பூரணம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே முன்னறைக்குப் போய்ப் பை மெஷினில் உட்கார்ந்தாள். வெட்டிப்போட்ட மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்து, ஊசியிலிருந்து நூலை உருவிவிட்டு, சும்மா ஓட்டினாள். தடக் தடக் என்று நாலைந்து குத்துக்குள் துணி சுருண்டு ஊசித்தட்டு ஓட்டைக்குள் போய் மாட்டிக்கொண்டது. கனத்த ரெக்சினுக்கு உள்ள மெஷின், இந்த மெல்லிசைத் தாங்காது. மறுபடி வைத்தாள். மறுபடியும் சுருட்டிக்கொண்டு போனது. மாட்டுமுன் விழுந்த அந்த நாலு ஓட்டையைக் கோட்டின் தோளோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். குண்டும் இடைவெளியும் அச்சு அசல்.

காமராஜ் உள்ளே வந்தார். "என்ன பூரணம், என் மெஷின்ல என்ன வேலை?"

"எப்பம் செஞ்சீங்க?"

"என்னத்த?"

இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துக் காட்டினாள்.

மறுப்பார், சத்தம் போடுவார், சண்டைக்கு வருவார் என்று நினைத்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளை முதல் மார்க் வாங்கினால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

"ரொம்ப வெவரம்டி நீ. புதங்கிழமை, நீ கம்பெனிக்குப் போயிருக்கையில" என்றார். "ஒன் நல்லதுக்குத்தான். மலையில அட்டை கடிக்கும், மழை அடிக்கும். கால் கீல் ஒடிஞ்சா யாரு பாக்கது?"

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்ல? ஊரு பூரா போன்னு சொல்லிட்டேன். பொறவு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வேண்டாம்ங்கது?" குரலில் நிஜமான வருத்தம். "நீ எங்க தைச்சு முடிக்கப் போறன்னு நெனச்சேன் பூரணம். முடிச்சிட்ட. நான் என்ன செய்ய, சொல்லு?"

சீ!

இதுவரை இந்தக் கதையில் காமராஜை 'அவர்' என்று மரியாதையாகத்தான் எழுதி வந்தோம். இனிமேல் கை வரவில்லை. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடித்திருந்தால்கூட பூரணம் தாங்கியிருப்பாள். கோட்டை எடுத்து அடுப்பில் போட்டிருந்தால், கோபக்காரன் என்று நாலு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பாள். இவன் என்ன செய்திருக்கிறான்? பேரும் வேண்டும், பெண்டாட்டியும் வீட்டில் கிடக்க வேண்டும். தானே ஓட்டை போட்டுவிட்டு, தானே துண்டை எடுத்துத் துவட்டி, ஆண்டவர் தலையில் பழியைப் போட்டு, அதையும் ஊர் பார்க்கச் செய்திருக்கிறான். இருபத்து நாலு வருஷம் இந்த ஆள் தின்ற தட்டைக் கழுவியிருக்கிறாள் அவள்.

எழுந்து போகத்தான் எழுந்தாள். கையிலிருந்த மஞ்சள் துண்டு மறுபடி கண்ணில் பட்டது. மெஷின் கடித்துச் சுருட்டிய துண்டு. கோட்டைத் திரும்பப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை. ஒரு சாண் நீளத்துக்குக் கயிறு கட்டினாற்போல் நேர்கோடு.

தனி ஆளாக இந்த மெஷினில் இதை ஓட்டவே முடியாது. எதிர்ப்பக்கம் ஒருவர் நின்று, துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஊசி ஓட ஓடக் கையை நகர்த்திக் கொடுத்தால்தான் இப்படி விழும். அதுவும் பழகின கையாக இருக்க வேண்டும்.

"பின்னால இழுத்துப் புடிச்சது யாரு?"

காமராஜ் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த குழாய்ச் சத்தம் நின்றது.

"ஏட்டி, ஜாஸ்மின்."

ஜாஸ்மின் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். தலை நிமிரவில்லை.

"அப்பா சொன்னாவம்மா."

"என்னன்னு?"

"அங்க ஒனக்கு ஏதாச்சும் ஆயிரும்னாவ. டெஸ்டுல போச்சுன்னா அவியளே வேண்டாம்னுருவாவ, வீட்டுல சண்டையில்லாம முடிஞ்சிரும்னாவ. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், பொறவு..."

"பொறவு புடிச்சே."

ஜாஸ்மின் அழ ஆரம்பித்தாள்.

"காலையில முத்தம் குடுத்தியே, அது எதுக்கு? அதுவும் அப்பா சொன்னாவளா?"

பூரணம் பின்கட்டுக்குப் போய்ச் சோப்பை எடுத்து நெற்றியைத் தேய்த்துக் கழுவினாள். ஒரு தரம் கழுவிவிட்டு மறுபடி ஒரு தரம் கழுவினாள். தோல் எரிந்தது. போகவில்லை.

பெற்ற மகளைப் பற்றி இப்படி எழுதலாமா என்று யாராவது கேட்கலாம். பூரணத்துக்கு அப்படித்தான் இருந்தது. வேறு மாதிரி எப்படி எழுத? காமராஜ் மேல் வந்தது அருவருப்பு. மகள் மேல் வந்ததற்கு அந்தப் பேர்கூடப் போதவில்லை. மூன்று வாரம் தன் எதிரில் நின்று, 'அம்மா, இப்பம் ஓட்டு, இப்பம் ஓட்டு' என்று சொல்லிச் சொல்லித் துணி பிடிக்கப் பழகின கை. அந்தக் கையை வைத்தே வேலையை முடித்துவிட்டார்கள்.

மணி பதினொன்று. நாலு மணிக்குள் மடவார் வளாகத்தில் இருக்க வேண்டும்.

மிச்சத் துணி அரை மீட்டர் இருந்தது. இரண்டு தோளையும் முதுகின் மேல் பாதியையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரே துண்டாக வெட்டினாள். ஓட்டைகளுக்கு மேல் அதைப் போர்த்தி, தோளைத் தாண்டி நன்றாகக் கீழே இறக்கிப் புதுத்தையல் போட வேண்டும். தன்னுடைய சின்ன மெஷினில் ஒன்பதாம் நம்பர் ஊசியைக் கோத்தாள்.

ஜாஸ்மின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எதிர்ப்பக்கம் வந்து நின்று துணி நுனியைப் பிடித்தாள்.

"தொடாத."

"அம்மா, ஒனக்குத் தனியா..."

"கைய எடுன்னு சொல்லுதேன்."

எடுத்துவிட்டாள். பூரணம் இடது கையை மெஷினுக்குப் பின்னால் கொண்டுபோய் இழுத்தும், வலது கையால் முன்னால் தள்ளியும், விரற்கடை விரற்கடையாக ஓட்டினாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது ஒன்றரை மணி நேரம் ஆனது. சிலிக்கானைக் கரைத்துப் பூசி, மாடியில் உச்சி வெயிலில் தொங்கவிட்டு, காக்கா குருவி கிட்டே வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுச் சோற்றை நினைத்தாலே வாந்தி வரும்போல் இருந்தது. இறங்கவில்லை.

கீழே காமராஜ் போனில் யாரிடமோ பேசுவது மாடிக்குக் கேட்டது. "ஆமா பிரதர், ஒழுகிட்டு. பாவம், ஒரே அழுகை. நான்தான் தேத்திக்கிட்டு இருக்கேன்."

மூன்று மணிக்குத் தொட்டுப் பார்த்தாள். பசை லேசாக ஒட்டியது. காய்ந்தது காயாதது பார்க்க இனி நேரமில்லை. சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. விஜி ஹோஸைத் திறந்துவிட்டாள். பத்து நிமிஷம். குழுவில் நாலு பெண்கள் பார்ப்பதற்கென்று கூடவே நின்றார்கள். விஜி பேப்பரை எடுத்து விரித்தாள். தடவிப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள்.

"ஒரு பொட்டு ஈரம் இல்லக்கா!"

பெண்கள் கைதட்டினார்கள். பூரணம் அப்போதுதான் ஓரமாக உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

விஜி ஒரு படிவத்தை நீட்டினாள். பெயர், வயசு, ரத்த வகை எல்லாம் எழுதிக்கொண்டே வந்த பூரணம், கடைசி வரியில் நின்றுவிட்டாள். ஏதாவது ஆபத்தென்றால் வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும்? பேரும் நம்பரும்.

"இது வேணுமா விஜி?"

"கட்டாயம் வேணும்க்கா. இந்தப் பேரு இல்லாம யாரையும் மலைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

பேனா முனையைத் தாளில் வைத்தபடி பூரணம் இருந்தாள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று, கூடப் பிறந்தவர்கள் இல்லை. மனசுக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். இரண்டு முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. இரண்டையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஜாஸ்மின் ஓடிவந்தாள். முகம் வீங்கியிருந்தது. படிவத்தைப் பார்த்தாள், அம்மாவின் பேனா நிற்கிற வரியைப் பார்த்தாள்.

"என் பேர எழுதும்மா."

பூரணம் நிமிர்ந்தாள். "எழுதுதேன். மலையில நான் விழுந்து கெடக்கேன்னு போன் வந்தா, அந்த நிமிஷமே கெளம்பி வருவியா? இல்ல, உங்கப்பாட்ட கேட்டுட்டு வருவியா?"

ஜாஸ்மின் வாயைத் திறந்தாள். அவள் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் 'அப்பா'.

போனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. மெல்ல அந்தப் பக்கம் திரும்பி நின்று, காதில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கப்பா."

பூரணம் குனிந்து, கடைசி வரியை நிறுத்தி நிதானமாக நிரப்பி, படிவத்தை விஜியிடம் கொடுத்தாள். விஜி வாசித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"அக்கா, இது உங்க பேருல்லா? நம்பரும் உங்க நம்பருதான்."

"ஆமா."

"உங்களுக்கு ஒண்ணுன்னா உங்களுக்கே போன் போட்டா, யாருக்கா எடுப்பாவ?"

"அதத்தான் விஜி, காலையிலேருந்து நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

மேஜைமேல் மற்ற பதினோரு படிவங்களும் அடுக்கியிருந்தன. விஜி இதை அவற்றோடு சேர்க்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, போனில் "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டிக்கொண்டிருந்த ஜாஸ்மினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.